ஈகிள்நெஸ்ட் போகலாமா? அருணாசலத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவருக்கு ஒரு விரிவான பதில்

கேட்டவர் கோவைக்காரர். வேடந்தாங்கல், ஆனைமலை, நீலகிரி என்று பல வருடமாகப் பறவை பார்க்கிறவர். அடுத்து இமயமலைப் பக்கம் போக ஆசை. அவர் கேட்டது இதுதான்: “எல்லோரும் அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் என்கிறார்கள். செலவும் அலைச்சலும் கூடுதல். அதற்குத் தகுமா? நாம் கொடுக்கும் பணம் ஊர் மக்களுக்கும் காட்டுக்கும் போய்ச் சேர்கிறது என்பது நிஜமா, வெறும் விளம்பரமா? 62 வயது அம்மாவும் வருகிறேன் என்கிறார், கூட்டிப் போகலாமா?”

தகும். ஆனால் எத்தனை பறவை கிடைக்கும் என்ற ஒரே கணக்கில் போவதென்றால் நைனிடாலை ஒட்டிய பாங்கோட், சாத்தால் பக்கம் போய்வாருங்கள். செலவும் குறைவு, ரயில் வசதியும் உண்டு. ஈகிள்நெஸ்ட்டில் நீங்கள் கொடுக்கும் காசு, வெட்டி விற்றிருக்கக்கூடிய ஒரு காட்டை வெட்டாமல் வைத்திருப்பவர்கள் கைக்குப் போகிறது. குறைந்தபட்சம் போக வேண்டும். அது போகிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்வது உங்கள் பொறுப்பு. யாரோடு போவது, எங்கே தங்குவது, எத்தனை நாள் இருப்பது எல்லாமே அதைப் பொறுத்து மாறும் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இடம் மேற்கு காமெங் மாவட்டம். 1989-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், பரப்பு சுமார் 218 சதுர கிலோமீட்டர். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைப் பார்த்தவருக்கு இது சின்னதாகத் தெரியும். ஆனால் இது செங்குத்தாக நிற்கிற காடு. அடிவாரத்தில் சுமார் 500 மீட்டர், உச்சியில் 3,250 மீட்டர். 1950-களில் இங்கே முகாமிட்டிருந்த ராணுவத்தின் செங்கழுகுப் படைப்பிரிவை வைத்துத்தான் இந்தப் பெயர். ராணுவம் அமைத்த கரடுமுரடான ஜீப் பாதை ஒன்று வடக்கே டெங்கா பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, சுமார் 2,800 மீட்டரில் ஈகிள்நெஸ்ட் கணவாயைத் தாண்டி, அசாம் சமவெளியை நோக்கி இறங்குகிறது. பறவை பார்ப்பவர்களுக்குச் சரணாலயம் என்றால் நடைமுறையில் இந்தப் பாதைதான். காட்டுக்குள் இறங்கி நடப்பது அநேகமாகக் கிடையாது. சரிவு அப்படி.

இமயமலைக்குப் போகுமுன் உயரத்தைப் படித்துக்கொள்ள வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காடு மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்த மாற்றம் இன்னும் கறாராக நடக்கிறது. கணவாயை ஒட்டி ரோடோடெண்ட்ரான், மூங்கில், பாசி தொங்கும் ஓக் மரங்கள். சுமார் 1,950 மீட்டரில் போம்பு முகாம். எப்போதும் ஈரம் சொட்டும் அகன்ற இலைக் காடு. இன்னும் இறங்கினால் 1,250 மீட்டரில் செஸ்னி. மரங்கள் உயர்ந்து, கொடிகள் பின்னி, புழுக்கம் தெரியும். அதற்கும் கீழே கெல்லாங், கிட்டத்தட்ட வெப்பமண்டலக் காடு. இந்த அடுக்கு ஒவ்வொன்றிலும் வேறு வேறு பறவைகள். டெம்மிங்க் டிராகோபான் கோழியைத் தேடுகிறவர் கணவாய்ப் பக்கம் நிற்க வேண்டும். செங்கழுத்து இருவாட்சிக்கு செஸ்னிக்குக் கீழே போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே வண்டியில் அரை நாள்கூட ஆகாது. இவ்வளவு சின்னக் காட்டில் 450-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவானதற்கு இதுதான் முதல் காரணம். வங்கக்கடலிலிருந்து நேராக வந்து மோதும் மழைமேகம் இரண்டாவது. தென்கிழக்கு ஆசியப் பறவைகளும் வடக்கத்திப் பனிநாட்டுப் பறவைகளும் கிழக்கு இமயத்தில் சந்தித்துக்கொள்வது மூன்றாவது.

இன்னொன்று: பறவைகள் உயரத்தில் நிலையாக இருப்பதில்லை. குளிர்காலத்தில் பல இனங்கள் சில நூறு மீட்டர் இறங்கிவிடும், வெயில் ஏறினால் திரும்ப மேலே போகும். சில இன்னும் தூரம் போகும். காஷ்மீரில் கூடு கட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தை நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும்தான் கழிக்கிறது; நீங்கள் ஊட்டியிலேயே பார்த்திருக்கக்கூடும். ஆகவே ‘எந்த மாதம்’ என்பதற்குப் பதில் ‘எந்தப் பறவை’ என்பதைப் பொறுத்தது. பொதுவாக நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்லது. என்னைக் கேட்டால் ஏப்ரல் என்பேன். பறவைகள் பாடத் தொடங்கியிருக்கும், இருட்டுப் புதரில் இருப்பது எது என்று குரலை வைத்தாவது தெரியும். மே கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் பாதை எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். அங்கே விடியல் சீக்கிரம். ஏப்ரலில் ஐந்து மணிக்கெல்லாம் நல்ல வெளிச்சம். கட்டஞ்சாயா (பால் விடாத டீ) ஒரு கிளாஸ் குடித்துவிட்டு பாதையில் இறங்கி நடக்க ஆரம்பிப்பீர்கள், வண்டி பின்னால் மெதுவாக வரும். முக்கால் மணி நேரம் ஒன்றுமே இருக்காது. மூங்கில் இலையில் ஈரம் சொட்டும் சத்தம், எங்கோ தூரத்தில் ஒரு குக்குறுவான். சலிப்பு தட்டும் நேரத்தில் வழிகாட்டி நின்று கையை உயர்த்துவார். மேல் கிளையில் முதலில் யூஹினாக்கள், சிட்டு அளவுகூட இல்லாதவை, கொண்டையைத் தூக்கிக்கொண்டு வரும். அவற்றுக்குப் பின்னால் மின்சிட்டுகள், மின்லாக்கள், சிபியாக்கள் என்று வேறு சிறு பறவைகள். பாசி படர்ந்த தடித்த கிளையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ‘குட்டியா’ என்ற பறவை ஒன்று. கீழே மூங்கிலுக்குள் ஃபுல்வெட்டா என்ற பொடிப் பறவைகள். ஒரே மரத்தில் பத்துப் பதினைந்து இனம். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பைனாகுலரை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் பாதையைக் கடந்து சரிவில் இறங்கிவிடும். அவ்வளவுதான், மறுபடி அமைதி.

இதை ‘கலப்புக் கூட்டம்’ என்பார்கள். ஆனைமலைச் சோலைகளிலும் இது உண்டு, ஆனால் இங்கே இருக்கும் திரளே வேறு. கூட்டமாகப் போனால் பூச்சி கிளம்பும், வல்லூறு வந்தால் யாராவது ஒருவர் பார்த்துக் கத்துவார். அந்தக் காவல் வேலையைப் பெரும்பாலும் கரிச்சான் செய்யும். அதற்குக் கூலியாகப் பிறர் கிளப்பிய பூச்சியைத் தட்டிப் பறித்துக்கொள்ளும். கூட்டம் வந்தவுடன் கேமராவைத் தூக்காதீர்கள். முதல் கூட்டத்தைப் பைனாகுலரில் மட்டும் பாருங்கள். 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மி.மீ. லென்ஸ்) போதும், 10 மடங்கு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் அந்த இருட்டிலும் அவ்வளவு நெருக்கத்திலும் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். அழகுப் பசையெடுப்பான் என்று ஒரு பறவை இந்தக் கூட்டங்களோடுதான் வரும். கறுப்பு முதுகில் நீலமும் வெள்ளையுமாகக் கோடு, அடியில் ஆரஞ்சு. உயர்ந்த, பாசி ஏறிய பழைய மரம் இருந்தால்தான் அது இருக்கும். உலகம் முழுவதிலுமே அரிதாகிவரும் இனம். இங்கே அதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. நம் ஊர்த் தீக்காக்கையின் உறவான வார்டு தீக்காக்கை நேர்மாறு. கூட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. கண் மட்டத்தில் ஒரு கொடியில் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்கும், நாம் அதைத் தாண்டி நடந்துகொண்டிருப்போம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதற்கு ஒரு பறவையின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1995 ஜனவரியில் ரமணா ஆத்ரேயா என்ற வானியலாளர் இந்தப் பகுதியில் இரண்டு பறவைகளைப் பார்த்தார். அவர் கையில் இருந்த எந்தப் புத்தகத்திலும் அவை இல்லை. கிட்டத்தட்ட ஒத்துப்போன ஒரே பறவை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சீனாவின் சிச்சுவான் மலைகளில் வாழும் ஒரு லியோசிக்லா. பத்து வருடம் கழித்து 2005-ல் அதை மறுபடி கண்டார். 2006-ல் வலையில் சிக்கிய பறவைகளை அளந்து, படம் எடுத்து, உதிர்ந்த சில இறகுகளை மட்டும் வைத்துக்கொண்டு பறக்க விட்டுவிட்டார். புது இனம் என்று அறிவிக்க ஒரு பறவையைக் கொன்று அருங்காட்சியகத்தில் வைப்பதுதான் அதுவரை வழக்கம். ஆனால் அவர் அறிந்தவரை மொத்தமே 14 பறவைகள்தான் கண்ணில் பட்டிருந்தன. அதில் ஒன்றைக் கொல்ல மனம் வரவில்லை. அந்த ஆண்டே ‘இந்தியன் பேர்ட்ஸ்’ இதழில் விவரம் வெளியானது. இந்தியாவின் பெருநிலப்பகுதியில் அரை நூற்றாண்டுக்குப் பிறகு விவரிக்கப்பட்ட புதுப் பறவை அது. அந்தக் காட்டின் சொந்தக்காரர்களான புகுன் மக்களின் பெயரைச் சூட்டினார்: புகுன் லியோசிக்லா.

கொண்டைக்குருவியைவிட ஒரு சுற்றுப் பெரிது. உடம்பு மங்கிய ஆலிவ் சாம்பல், தலையில் கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று மஞ்சள். இறக்கையை மடித்து உட்காரும்போது மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் தெரியும், வாலின் நுனியில் நெருப்புச் சிவப்பு. சோடியாகவோ சின்னக் கூட்டமாகவோ புதர் ஓரத்தில் திரியும். இன்றைக்கும் அறியப்பட்ட பறவைகள் இருபதைச் சுற்றித்தான். அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

இது பெரும்பாலும் தென்படுவது சரணாலயத்துக்குள் இல்லை. கணவாய்க்கு வடக்கே, சுமார் 2,350 மீட்டரில் லாமா முகாமைச் சுற்றி, சிங்சுங் ஊர்ப் புகுன்களின் சொந்தக் காட்டில். அருணாசலத்தில் இது சாதாரணம். அரசாங்க ஏட்டில் ‘வகைப்படுத்தப்படாத மாநிலக் காடு’ என்று எழுதியிருக்கும். நடைமுறையில் எந்த ஓடை வரை எந்தக் குலத்துக்கு, எங்கே வேட்டையாடலாம், எங்கே மரம் எடுக்கலாம் என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் பேசி வைத்தது. வனத்துறை தனியாக நினைத்தால் அங்கே ஒரு மரத்தையும் காப்பாற்ற முடியாது.

அந்த மக்களுக்கு ஒரு காலத்தில் மரம்தான் ரொக்கப் பணம். அது நின்றதற்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கேரளத்தின் நிலம்பூர் கோவிலகத்தை (அரச குடும்பத்தை)ச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடு அழிவதை எதிர்த்து 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு நாடு முழுக்கப் பாய்ந்தது. வடகிழக்கின் ஏழு மாநிலங்களிலிருந்தும் வெட்டிய மரம் வெளியே போகத் தடை. கூடலூருக்காகப் போட்ட வழக்கில் அருணாசலத்தின் மர ஆலைகள் மூடின. காட்டுக்கு நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காட்டை நம்பி வீடு கட்டி, பிள்ளையை வெளியூரில் படிக்கப் போட்டிருந்தவனுக்கு அடுத்த நாள் என்ன வழி என்று உத்தரவில் இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் பறவைச் சுற்றுலா வந்தது. 2003 முதல் ஆத்ரேயா நடத்திய ஈகிள்நெஸ்ட் பல்லுயிர்த் திட்டம், புகுன்களையும் தெற்கு, மேற்குப் பக்கத்து ஷெர்டுக்பென் பழங்குடியினரையும் சேர்த்துக்கொண்டு முகாம்களை அமைத்தது. கூடாரம், சமையல், ஜீப், வழிகாட்டி எல்லாம் ஊர்க்காரர்கள். இளைஞர்கள் சிலர் குரலை வைத்தே நூற்றுக்கணக்கான பறவைகளைச் சொல்லும் அளவுக்குத் தேறினார்கள். பணமும் பெயரும் சேர்ந்தபோது ஊரே ஒரு முடிவெடுத்தது. 2017-ல் 17 சதுர கிலோமீட்டர் ஊர்க்காடு சிங்சுங் புகுன் கிராமச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உள்ளூர் இளைஞர்களே காவல் சுற்றுகிறார்கள். 2018-ல் இந்திய பல்லுயிர் விருது கிடைத்தது. யாரும் நிலத்தைப் பறிக்கவில்லை. தங்கள் காட்டில் ஒரு பகுதியைத் தாங்களே ஒதுக்கி வைத்தார்கள் என்பதை கவனியுங்கள். இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்பு என்றாலே ஊரைக் காலி செய்வது என்றாகிவிட்ட நிலையில் இது அபூர்வம்.

அப்படியானால் விளம்பரம் உண்மையா? பாதிக்கு மேல் உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். சீசன் ஆறு மாதம்கூடத் தேறாது. முகாமில் வேலை செய்கிற குடும்பங்களுக்கு நேரடி வருமானம். பக்கத்துத் தெருக்காரருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது சுற்றுலாவை நம்பியவர்களுக்கு ஒரே நாளில் எல்லாம் நின்றது. டெங்கா பள்ளத்தாக்கில் தக்காளியும் கிவியும் தரும் காசோடு பறவை போட்டி போட வேண்டியிருக்கிறது, எப்போதும் பறவை ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் யாரிடம் புக் செய்கிறீர்கள் என்பது முக்கியம் என்கிறேன். டெல்லியிலோ பெங்களூரிலோ உள்ள நிறுவனம் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, வழிகாட்டியையும் வெளியிலிருந்து கொண்டுவந்து, ஊர்க்காரரைப் பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொண்டால் நீங்கள் போவதும் ஒன்று, போகாததும் ஒன்று. பணம் கட்டுமுன் கேளுங்கள்: வழிகாட்டி எந்த ஊர்? முகாமை நடத்துவது யார்? ஊர்க் குழுவுக்கு என்ன போகிறது? நேர்மையானவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

வெட்டாத காடு என்பதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், அதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் உமேஷ் ஸ்ரீனிவாசனும் குழுவினரும் ஈகிள்நெஸ்ட்டில் ஆண்டுதோறும் வலை கட்டி, புதர்ப் பறவைகளுக்கு வளையம் மாட்டி, அடுத்த வருடம் எவை உயிரோடு திரும்பக் கிடைக்கின்றன என்று கணக்கெடுக்கிறார்கள். மரம் எடுத்த காட்டில் சூடு கூடுதல், ஈரம் குறைவு. பூச்சி தின்னும் பல பறவைகள் அங்கே தாக்குப்பிடிப்பதில்லை. வெப்பம் ஏற ஏறப் பறவைகள் மலையில் மேலே நகர்கின்றன. மேலே போகிற இடத்தில் நல்ல காடு இருந்தால்தான் பிழைக்கும். அடிவாரத்திலிருந்து உச்சி வரை அறுபடாத காடு இங்கே இருப்பதன் மதிப்பு அப்போது புரியும். இந்தக் காட்டில் யானைகள் 3,000 மீட்டருக்கு மேல்கூட ஏறுகின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். போம்புக்குக் கீழே நடக்கும்போது சாணம் சூடாக இருந்தால் வழிகாட்டி சொல்வதைக் கேட்டு வண்டியில் ஏறிவிடுங்கள், வாதம் வேண்டாம்.

இங்கே ஒரு வேண்டுகோள், கொஞ்சம் கண்டிப்பாகவே. புகுன் லியோசிக்லாவுக்குக் குரல் பதிவைப் போட்டுக் கூப்பிடச் சொல்லாதீர்கள். குரல் கேட்டால் வேறொரு ஆண் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று அது பதறி வெளியே வரும். உங்களுக்குப் படம் கிடைக்கும். அதே சோடியை அடுத்த நாள் அடுத்த குழு, அதற்கடுத்த நாள் இன்னொரு குழு. இருபது பறவை உள்ள இனத்தில் ஒரு சோடி ஒரு வருடம் குஞ்சு பொரிக்காமல் போவது சின்ன விஷயம் இல்லை. லாமா முகாமில் இரண்டு இரவு தங்கிக் காலையும் மாலையும் பொறுமையாக நடங்கள். கிடைத்தால் கிடைக்கட்டும். ‘லைஃபர்’ (வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கும் இனம்) எண்ணிக்கைக்காக வழிகாட்டியை நச்சரிக்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். நாம் நச்சரித்தால் அவரும் என்ன செய்வார், டிப்ஸ் நம் கையில் இருக்கிறது.

பாங்கோட்–சாத்தால் பற்றி ஒரு வார்த்தை, குறை சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாது. புதிதாகத் தொடங்குபவருக்கு அது அருமையான இடம். சாத்தால் பக்கம் மறைவிடங்கள் கட்டி, தீனியும் தண்ணீரும் வைத்து, பறவையை லென்ஸுக்கு ஐந்தடி முன்னால் கொண்டுவருகிறார்கள். ஊர்க்காரருக்குப் பிழைப்பு, படம் எடுப்பவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அதைப் பறவை பார்ப்பது என்று நான் சொல்ல மாட்டேன். பறவை ஏன் அந்த மரத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

கூடுதலாக நாள் இருந்தால் இரண்டு வழி. வடக்கே திராங் போய் மண்டலா சாலை, அப்புறம் 4,170 மீட்டரில் சேலா கணவாய். உடம்பு முழுக்க நீலமான கிராண்டலாப் பறவைக் கூட்டம், மோனால் என்ற மலைக்கோழி, பனிக்கௌதாரி எல்லாம் அங்கேதான். 2024-ல் சேலா சுரங்கப்பாதை திறந்துவிட்டது. ஓட்டுநர் அதன் வழியே போனால் பறவையும் கிடையாது, கணவாயும் கிடையாது. பழைய பாதையில் மேலே ஏறச் சொல்லுங்கள். குளிர்காலம் என்றால் திராங்கை ஒட்டிய சங்தி பள்ளத்தாக்கில் கருங்கழுத்துக் கொக்குகள் வருகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, கிழக்கே பக்கே புலிகள் காப்பகம். அங்கே வாழும் நிஷி பழங்குடி மக்கள் தலைப்பாகையில் இருவாட்சி அலகு வைப்பது மரபு. இன்றைக்கு அதற்குப் பதிலாக ஃபைபர் கண்ணாடியில் செய்த அலகு வந்துவிட்டது. நிஷி ஊர்க்காரர்களே கூடு காக்கும் வேலை செய்கிறார்கள். அதற்கு நகரத்துக்காரர்கள் பணம் கொடுத்துக் கூட்டைத் தத்தெடுக்கலாம். வால்பாறையில் மழைக்காட்டை மீட்டு வளர்க்கும் அதே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைதான் இதிலும் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர்களாகக்கூட இருக்கலாம்.

போகும் வழி. விமானத்தில் குவாஹாட்டி. நேரம் இருந்தால் கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை வழியாகத்தான் போகிறது, குவாஹாட்டியில் இறங்கிக்கொள்ளலாம்; ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். குவாஹாட்டியிலிருந்து தேஜ்பூர், பாலுக்போங், டெங்கா, பிறகு லாமா முகாம். ஒரு பகல் முழுக்கப் போய்விடும். இடையில் தேஜ்பூரில் ஒரு இரவு தங்கினால் அம்மாவுக்கு நல்லது. பாலுக்போங் சோதனைச் சாவடியில் இன்னர் லைன் பெர்மிட் (வெளி மாநிலத்தவர் அருணாசலத்துக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு) காட்ட வேண்டும். மாநில அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், இரண்டு மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ள நண்பர்கள் யாராவது சேர்ந்தால் அவர்களுக்கு வேறு அனுமதி, பதிவு பெற்ற ஏற்பாட்டாளர் வழியாகத்தான் வாங்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முகாம்களில் இடம் கொஞ்சம். சீசனுக்குப் பல மாதம் முன்பே பேசி வையுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும், போன் சிக்னலை நம்பாதீர்கள், கேமராவுக்கு பேட்டரி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது ஆறு இரவு ஒதுக்குங்கள்: லாமாவில் இரண்டு, போம்புவில் மூன்று, செஸ்னிப் பக்கம் ஒன்று. ஒரு நாள் மூடுபனி மூடிவிட்டால் எதிர்ப்பக்கத்து மரம்கூடத் தெரியாது, அந்த நாள் போனதுதான். கீழ்ப்பகுதியில் டிம்டாம் என்கிற ஒரு பொடி ஈ கடிக்கும். கடித்த இடத்தில் சிவப்புப் புள்ளி விழுந்து நாள் கணக்கில் அரிக்கும். முழுக்கை, காலுறைக்குள் பேன்ட், கையுறை. மழை தொட்டுவிட்டால் அட்டையும் சேர்ந்துகொள்ளும், அது உங்களுக்குப் புதிதில்லை.

அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்றால், மூட்டும் இதயமும் நன்றாக இருந்தால் தாராளமாக. பார்ப்பது முழுக்க ஜீப் பாதையில்தான், பெரும்பாலும் இறக்கத்தில் நடை, களைத்தால் வண்டி பின்னாலேயே இருக்கிறது. லாமா முகாமின் உயரம் ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், மூச்சுத் திணறல் பயம் பெரிதாக இல்லை. சேலா மட்டும் வேறு கணக்கு: அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். கஷ்டம் மூன்று இடத்தில் இருக்கிறது. ஜீப்பின் குலுக்கல் இடுப்பைப் பதம் பார்க்கும்; முன் சீட்டை அவருக்குக் கொடுங்கள். இரவுக் குளிர், அதிலும் டிசம்பர்–பிப்ரவரியில் கடுமை. அதனாலும் ஏப்ரல் சரி. கழிப்பறை கூடாரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி இருக்கலாம். தலையில் மாட்டும் டார்ச்சும் வழுக்காத செருப்பும் கட்டாயம். சாப்பாடு சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கீரை, முட்டை என்று சூடாகவே கிடைக்கும். ஆனால் ஆறு நாள் அதையே சாப்பிட்டால் அம்மாவுக்கு நாக்கு செத்துவிடும், ஒரு பாட்டில் ஊறுகாயும் கொஞ்சம் பருப்புப்பொடியும் எடுத்துப் போங்கள். சமையல்காரருக்கும் கொஞ்சம் கொடுங்கள், விரும்பிச் சாப்பிடுவார்.